கொண்டைக்காரி

பெரியப்பா பெரியம்மாவுக்கு நகை எதுவும் வாங்கித் தந்ததில்லை. ஒரு நீர்த்தெள்ளுக்கு அவள் பெயரை வைத்தார்.

"அவனவன் பெண்டாட்டிக்கு வளையல் போடறான். எங்க வீட்டுக்காரர் எனக்குப் பூச்சி போட்டார்" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வாள்.

"பூச்சி இல்லை, இறால் இனம்" என்று உள்ளறையிலிருந்து பெரியப்பா குரல் வரும்.

முதல் வேலை கிடைத்து அவர்கள் வீட்டு மாடியறையில் நான் தங்கியிருந்த காலம் அது. இருவரும் ஏரிக்கரை ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்தார்கள். அவர் உயிர்களை இனம் பிரிப்பார். அவள் அவற்றை வரைவாள். நிலையத்தில் இடம் போதாததால் அவளுடைய மைக்ராஸ்கோப் வீட்டுக் கூடத்து ஜன்னலருகே இருந்தது.

"ஒரு கண்ணைப் பொத்திக்கிட்டுப் பாரு" என்பாள்.

நீர்த்தெள்ளு கடுகை விடச் சிறிய உயிர். உடம்பு முழுக்கக் கண்ணாடி. முதுகில் மடிந்து வயிற்றுப்பக்கம் திறந்த ஓடு. ஒற்றைக் கருங்கண் நிற்காமல் நடுங்கும். கிளை பிரிந்த இரண்டு கொம்புகளால் தண்ணீரைத் தள்ளித் தத்தித் தத்திப் போகும். தலைக்குப் பின்னால் இதயம். தின்ற பாசி குடலில் பச்சைக் கோடாகத் தெரியும். முதுகுப் பையில் குஞ்சுகள், அதற்குள் அவற்றுக்கும் கண் வந்திருக்கும்.

"என்ன தின்னுச்சு, எத்தனை சுமக்குது, எல்லாம் வெட்டவெளிச்சம். உங்க பெரியப்பா மாதிரி அமுக்கம் இல்லை. எல்லாம் பொண்ணுங்கதான், தானா பெத்துக்கும். காலம் கெட்டாத்தான் ஆம்பளை பிறப்பான்."

தலையின் வடிவம், வால்முள்ளின் நீளம், வால் நகத்திலுள்ள சீப்புப் பற்கள். இவற்றை வைத்துத்தான் இனம் பிரிப்பார்கள். கல்லுடைத்த பள்ளத்தில் தேங்கிய குளத்தில் இருந்தவை உருண்டைத் தலை, ரொம்பக் காலமாகத் தெரிந்த இனம். பெரிய ஏரியில் பெரியப்பா பிடித்தவற்றுக்குத் தலை மேல்நோக்கிக் கூராக எழுந்திருந்தது. அப்போது அவர்களுக்குக் கல்யாணமான புதிது. பெரியம்மா உச்சிக் கொண்டை போடுவாள். புது இனம் என்று அவள் பெயரில் அறிவித்தார். வீட்டில் அதற்குக் கொண்டைக்காரி என்று பெயர். அவள் வரைந்த அந்தப் படம் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருந்தது.

பெரியப்பா ஓய்வு பெறும் வருஷம், எல்லா நீர்த்தெள்ளுகளையும் பற்றிப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். பெரியம்மா படங்களைப் புதிதாக வரைந்தாள். அதற்காக உருண்டைத் தலைகளை ஜாம் பாட்டிலில் வைத்துச் சமையலறை ஜன்னலில் வளர்த்தாள். ஒரு வாரம் குழாயில் தண்ணீர் வரவில்லை. கூடத்து மீன்தொட்டியிலிருந்து மொண்டு பாட்டிலுக்கு ஊற்றினாள்.

சில நாள் கழித்து நான் வேலை முடிந்து வந்தபோது மைக்ராஸ்கோப் முன்னால் வரையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"வந்து பாரு."

தாய் உருண்டைத் தலை. சுற்றித் தத்திய குஞ்சுகள் எல்லாவற்றுக்கும் கொண்டை.

"ரெண்டும் கலந்துடுச்சோ, பெரியம்மா?"

"நானும் அப்படித்தான் நெனச்சேன். ஒத்தை ஒத்தையா டம்ளர்ல விட்டுப் பாத்துட்டேன். சும்மா தண்ணியில உருண்டையா பிறக்குது. மீன் தண்ணியில கொண்டையோட பிறக்குது. முழுங்க வர்றவன் தொண்டையில குத்தணும்னுதான் போல."

ஏரியில் மீன் உண்டு. கல்பள்ளத்தில் கிடையாது.

"அப்போ ரெண்டும் ஒண்ணா? உங்க பேரு?"

"போச்சு" என்றாள். கண்ணாடித் தகட்டை எடுத்துத் துடைத்தாள். "அவர் எனக்குன்னு செஞ்சது அது ஒண்ணுதான்."

அதன்பிறகு சாப்பிடும்போதெல்லாம் பெரியப்பா கேட்பார், "கொண்டைக்காரி முடிஞ்சுதா?"

"மை காயலை" என்பாள்.

அவள் பொய் சொல்லி நான் கேட்டது அப்போதுதான். புத்தகம் அச்சுக்குப் போக வேண்டியிருந்தது. இரண்டும் தனித்தனி இனமாகவே போனால் பிழையும் அவள் கையாலேயே வரைந்ததாக இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் மேஜையில் படத்தை வைத்தாள். ஒரே தாளில் உருண்டைத் தலை ஒன்று. அதன் வாலருகே, பையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த கொண்டைக்காரி.

"ரெண்டையும் எதுக்கு ஒரே தாள்ல போட்டிருக்கே?"

"அம்மாவும் பொண்ணும். தனியா எப்படிப் போடறது?"

பெரியப்பா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படத்தைப் பார்த்தார். எழுந்து சமையலறைக்குப் போனார். கண்ணாடி டம்ளர்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

"எப்போ தெரிஞ்சுது?"

"தண்ணி வராம இருந்துச்சே, அதுக்கு அப்புறம்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க போட்ட நகை. நானே எப்படிங்க கழட்டறது?"

அவர் நெற்றியிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். பிறகு ஆபீஸ் குரலில் சொன்னார், "முதல்ல வச்ச பேருதான் செல்லும். ஆனா பின்னாடி வச்சதையும் தூக்கி எறிய முடியாது. அதுக்குக் கீழே சின்ன எழுத்துல இருக்கும். எவன் முழுசா எழுதினாலும் அதையும் சேத்துத்தான் எழுதணும்."

"கீழே, சின்ன எழுத்துல" என்றாள் பெரியம்மா. "இத்தனை வருஷமா இந்த வீட்டுல பழகினதுதானே."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார்.

புத்தகத்தில் அந்தப் படம்தான் வந்தது. கூடத்துப் பழைய படத்தை யாரும் கழற்றவில்லை. வருகிறவர்களிடம் பெரியம்மா சொல்வது மட்டும் மாறியது.

"எங்க வீட்டுக்காரர் எனக்குப் பூச்சி போட்டார். நானே கழட்டிக் கொடுத்துட்டேன்."

பெரியப்பா இல்லாமல் போன பிறகும் அதைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். சொல்லிவிட்டு உள்ளறைப் பக்கம் திரும்பிக் காது கொடுப்பாள்.