மணியடிக்கும் ஆர்த்தியோமின் இரண்டாவது ரத்தம்

ஆர்த்தியோம் எங்கள் டான்யூப் தீவின் மீனவன். எங்கள் பழைய முறைக் கிறிஸ்தவக் கோயிலில் மணியடிப்பவனும் அவன்தான். மார்புவரை தாடி, தாடியைவிட நீண்ட பிடிவாதம். மூன்று மணிகளின் கயிறுகளையும் ஒற்றை ஆளாக இழுத்து அக்கரைவரை கேட்கவைப்பான். அந்தக் கைகளை நம்பித்தான் வலையும் வீடும் மனைவி எவ்தோக்கியாவும்.

அந்த ஆகஸ்ட்டில் நாணல் ஓரமெல்லாம் காக்கைகள் செத்துக் கிடந்தன. குதிரை ஒன்று பின்னங்கால் மடங்கி விழுந்து எழவே இல்லை. ஊர் மருந்தகத்தின் நர்ஸான எனக்கு அது எந்தக் காய்ச்சலின் அறிகுறி என்று தெரியும். கொசு பரப்பும் மேற்கு நைல் காய்ச்சல் சிலருக்கு மூளையைத் தாக்கிவிடும். ஆர்த்தியோமுக்கு உடம்பு சுட்ட மறுநாளே ரத்தம் எடுத்து நகரத்துக்குப் படகில் அனுப்பினேன்.

ஒன்றுமில்லை என்று முடிவு வந்தது. அதற்குள் அவன் நீராவிக் குளியலறையில் வெந்து, ஓக் இலைக் கட்டால் முதுகில் அடித்துக்கொண்டு, காய்ச்சலை விரட்டிவிட்டதாக மார்தட்டிக்கொண்டிருந்தான்.

"அது ரொம்ப சீக்கிரம் எடுத்த ரத்தம்டா. நோயோட சண்ட போட உடம்பு ஆள் சேக்கணும். அந்த ஆளுங்கதான் எதிர்ப்பொருள், அது ரத்தத்துல வந்தாத்தான் சோதனையில தெரியும். இன்னொரு தடவ கையக் குடு."

"ஃபேனியாக்கா, கொசுவக்கூட நம்பலாம், உன்ன நம்ப முடியாது," என்று சிரித்தான்.

நான் ஊசியோடு மறுபடி போனபோது மாதா திருநாள் நெருங்கியிருந்தது. ரத்தம் சிந்தியவன் அன்று கோயில் வாசலைத் தாண்டக்கூடாது என்பது எங்கள் வழக்கம். ஊசிமுனை ரத்தமும் ரத்தம்தானாம். மாலையில் விழிப்பு வழிபாடு, காலையில் மணி, எல்லாம் முடியட்டும் என்றான். தலைவலியென்று நெற்றியைப் பிடித்திருந்தான், வெளிச்சம் பட்டால் முகம் சுளித்தான். நகர ஆஸ்பத்திரியில் போய்ப் படு என்று கத்திவிட்டுத்தான் வந்தேன். எவ்தோக்கியாகூட என்னைத்தான் முறைத்தாள்.

திருநாள் காலை பெரிய மணி ஒழுங்காக ஒலித்தது. சின்ன மணிகள் பிந்தின. பிறகு ஒன்று மட்டும் தனியாக ஒலித்து நின்றது. ஊசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

மணிகளுக்கு அடியில் கழுத்து விறைத்துக் கிடந்தான். வலது கை துணிபோலத் தொங்கியது. நான் பெட்டியைத் திறந்ததும் நாக்குக் குழறச் சொன்னான்.

"உள்ள வேணாங்க்கா. வெளிய தூக்கிட்டுப் போய் எடு."

வெளியே தூக்கிப்போய் எடுத்தேன். அதே படகில் அவனையும் ஏற்றினோம்.

மேற்கு நைல்தான் என்று முடிவு வந்தபோது அவன் ஆஸ்பத்திரியில் இயந்திரம் தந்த மூச்சில் இருந்தான். எவ்தோக்கியா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"நோயோட சண்ட போட நீ சொன்ன ஆளுங்க வந்துட்டாங்களா அக்கா?"

"வந்துட்டாங்க. நெறையவே இருக்காங்க."

"அப்ப எழுந்துடுவாருல்ல?"

அவள் அவன் வலது கையை எடுத்து, கயிற்றைப் பிடிப்பதுபோல விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். அவள் விட்டதும் அவை திறந்துகொண்டன. மறுபடியும் மடக்கினாள்.