பயோடேட்டாவுக்குள் ஒரு நரி

போன வாரம் புதுச்சத்திரத்தில் ஒரு வெட்டுக்குத்தைத் தடுத்தேன் என்று சொன்னால் நம்புவீர்களா? அதுவும் ஒரு லேப்டாப்பை வைத்துக்கொண்டு!

செங்கோட்டுவேல் என் கல்லூரித் தோழன். புதுச்சத்திரம் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கிறான். காலையிலேயே போன். “உடனே பொறப்பட்டு வாடா. என்ற புள்ள கல்யாணத்த எவனோ கெடுக்கப் பாக்கறான்.” சேலம் ஃபேர்லேண்ட்ஸில் கிளம்பியவன், வழியில் டீக்குக்கூட நிறுத்தவில்லை.

விஷயம் இதுதான். அவன் மகள் கீர்த்தனாவுக்குக் கோயம்புத்தூரில் ஐ.டி. வேலை. வரன் பார்க்கிறார்கள். பயோடேட்டாவை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பழையது ஒரு பக்கம், புதியது ஒரு பக்கம் சுற்றுகிறதாம். நம்ம ஆள் ஹைடெக்காக யோசித்து அதை க்ளவுடில் ஏற்றிவிட்டான். லிங்க்கை மட்டும் சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டான். யார் எப்போது திறந்தாலும் லேட்டஸ்ட்!

திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டி ஓட்டும் பெரிய குடும்பம் ஒன்று, வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருவதாகச் சொல்லிவிட்டது. குலதெய்வம் கோயிலில் பூ கேட்டாயிற்று. நினைத்தபடி வெள்ளைப் பூவே வந்து, சாமி உத்தரவும் கிடைத்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டில் ஒரே ஒரு நிபந்தனை... மருமகள் வேலைக்குப் போகக் கூடாது. இவனும் பயோடேட்டாவில் ஒரு வரி சேர்த்தான். ‘திருமணத்துக்குப் பின் வேலையை விடச் சம்மதம்.’

மறுநாள் பார்த்தால் அந்த வரியைக் காணோம். திரும்பச் சேர்த்தான். திரும்பவும் காணோம்!

“வேற ஆரு? நம்ம மணிதான்” என்றான். மணி அவனுடைய பங்காளி. பொதுக்கிணற்றுத் தகராறில் இரண்டு வீட்டுக்கும் பேச்சே கிடையாது. ஆனாலும் குரூப்பில் மட்டும் இருக்கிறான். சொந்தம் விட்டுப்போகக் கூடாது பாருங்கள்!

நான் லிங்க்கின் செட்டிங்கைத் திறந்தேன். எனக்கே பகீரென்றது. ‘லிங்க் உள்ள யாரும் திருத்தலாம்.’ போட்டோ, நட்சத்திரம், சம்பளம், ஹாஸ்டல் முகவரி... வயசுப் பெண்ணின் மொத்த விவரமும் கதவு தாழ்ப்பாள் இல்லாமல் கிடக்கிறது. யார் யார் பார்த்தார்கள்? தெரியாது. யார் திருத்தியது? ‘பெயர் அறியப்படாத பயனர்.’ அவ்வளவுதான்.

இத்தனைக்கும் இவன் பண்ணைக்குள் சும்மா நுழைந்துவிட முடியாது. தீவன லாரி வந்தால் டயருக்கு மருந்து அடிக்க வேண்டும். நானே மருந்துத் தண்ணீரில் காலை நனைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன். கோழிக்குச் சீக்கு வந்துவிடுமாம். கோழிக்கு இருந்த காவல் மகளுக்கு இல்லையேடா என்று கோபம் கோபமாக வந்தது. அவன் இருந்த நிலையைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

“இப்ப அந்த வரியத் திரும்ப டைப் பண்ணு. கண்ணெடுக்காம பார்ப்போம்” என்றேன்.

டைப் செய்தான். அவன் மனைவி சரசுவும் வந்து நின்றுகொண்டார். மூன்று பேரும் ஒரு லேப்டாப்பை முறைத்துக்கொண்டிருந்தோம். வெளியே கோழிகளின் இரைச்சல்.

திடீரென்று திரையின் மேல் மூலையில் ஒரு குட்டி வட்டம். அதற்குள் நரி முகம்! பெயரில்லாமல் உள்ளே வருபவர்களுக்கு அந்த ஆப் ஏதாவது ஒரு மிருகத்தின் பெயரை வைத்துவிடும். கர்சர் மெல்ல இறங்கி வந்தது. நேராக அந்த வரிக்குப் போய் நின்றது. எங்கள் கண்ணெதிரே எழுத்துகள் ஒவ்வொன்றாக அழிய ஆரம்பித்தன. ‘சம்மதம்’ போயிற்று. ‘விட’ போயிற்று...

நாற்காலி பின்னால் சாய, செங்கோட்டுவேல் பைக் சாவியை எடுத்துவிட்டான். “இன்னிக்கு அவனா நானான்னு பாத்துப்போட்டு வாரேன்.”

“அண்ணா, இவிங்களப் புடிங்கண்ணா! போனா ரெண்டுல ஒண்ணு ஆயிப்போயிருங்க!” சரசு வாசலை மறித்துக்கொண்டு அழவே ஆரம்பித்துவிட்டார்.

“ரெண்டே நிமிஷம் பொறுடா” என்று கத்திவிட்டு, செட்டிங்கை மாற்றினேன். இனி அனுமதி உள்ளவர்கள் மட்டும். மற்றவர்கள் யாராக இருந்தாலும் தங்கள் பெயரைச் சொல்லி, அனுமதி கேட்டுத்தான் உள்ளே வர முடியும்.

நரி மறைந்தது. மணியாக இருந்தால் பெயரைச் சொல்லிக் கேட்பானா? மாட்டான் என்றுதான் நினைத்தேன்.

டிங்! செங்கோட்டுவேலின் மெயிலில் ஒரு கோரிக்கை. ‘இந்த ஃபைலைத் திறக்க அனுமதி கேட்கிறார்’ என்ற வாசகத்துக்கு மேலே பெயர்... கீர்த்தனா.

கீழே அவள் எழுதியிருந்தாள். “அப்பா, சித்தி லிங்க் அனுப்பித்தான் இதப் பாத்தேன். வேலைய விட மாட்டேன்னு போன்ல சொன்னா, அப்பறம் பேசிக்கலாம்னு வெச்சுடறீங்க. இது என்ற பயோடேட்டாங்கப்பா. எனக்கும் பர்மிஷன் குடுங்க.”

செங்கோட்டுவேல் சாவியை மேஜையில் வைத்தான். சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் லிங்க் கொடுத்தவன், அவளுக்குக் கொடுக்கவில்லை. சாமியிடம் பூ கேட்டவன், அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாவமாக இருந்தது... ஆனால் அவனைவிட அந்தப் பெண்ணை நினைத்துத்தான் எனக்கு மனசு வலித்தது.

அனுமதி கொடுக்கப் போனால், ஆப் ஒரு கேள்வி கேட்டது. பார்க்க மட்டுமா, திருத்தவுமா? என் முகத்தைப் பார்த்தான்.

பதில் சரசுவிடமிருந்து வந்தது. “அவ பொழப்ப அவ வெறுமனே வேடிக்கை பாக்கறதுக்குங்களா?”

‘திருத்தலாம்’ என்பதை அழுத்தினான்.

இந்த முறை மூலையில் நரி இல்லை, கீர்த்தனாவின் போட்டோ. கர்சர் வந்தது. ‘திருமணத்துக்குப் பின்னும் வேலையைத் தொடர விருப்பம்.’ அப்பன்காரன் அதைப் படித்தான். அழிக்கவில்லை.

“வெள்ளிக்கிழமை அவிங்க வராமப் போயிட்டா?” என்றார் சரசு.

“போனாப் போறாங்க புள்ள” என்றான், கண்ணைத் துடைத்துக்கொண்டே. மாப்பிள்ளை வீட்டுக்கு அவனே புது அனுமதி அனுப்பினான். பார்க்க மட்டும்!

உங்கள் வீட்டு ஃபைலில் யார் யாருக்கு அனுமதி என்று நீங்களும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்... முக்கியமான ஆள் வாசலிலேயே நின்றுகொண்டிருக்கப் போகிறார்!