பெருவிரலுக்கு வந்த வலி

சலூன்காரருக்குச் சர்க்கரை வந்து பதினோரு வருடம். இரண்டு நாற்காலி போட்ட சின்னக் கடை. ஷட்டரைத் தூக்கினால் பொழுது சாயும்வரை நின்றே ஆக வேண்டிய தொழில். டீயில் சீனியை விட்டாயிற்று, மாத்திரையும் தவறுவதில்லை. ஆனாலும் உள்ளூர ஒரு பயம் அரித்துக்கொண்டே இருந்தது. காரணம் அவருடைய அண்ணன். அவருக்கும் இதே சர்க்கரைதான். காலில் ஒரு சின்னப் புண்ணைக் கவனிக்காமல் விட்டார். முதலில் ஒரு விரல் போனது, பிறகு பாதம், கடைசியில் முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. அதற்கப்புறம் தம்பி அந்த வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. கடையில் கூட்டம் என்று சாக்குச் சொல்லியே மூன்று வருடத்தை ஓட்டிவிட்டார்.

ஒரு வியாழக்கிழமை விடியற்காலையில் வலது கால் பெருவிரல் அவரை எழுப்பியது. விரலின் அடிமூட்டு சிவந்து, வீங்கி, பளபளவென்றிருந்தது. போர்வை உரசினாலே உயிர் போனது. பார்த்ததும் அண்ணன் போன வழிதான் நமக்கும் என்று முடிவே கட்டிவிட்டார்.

மனைவியிடம் மூச்சு விடவில்லை. செருப்பு கடித்துவிட்டது என்றார். பக்கத்து மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கி முழுங்கிவிட்டு, கொக்கு மாதிரி ஒற்றைக்காலில் நின்று முடி வெட்டினார். கடைக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். சுளுக்கு என்று ஒருவர் நீவிவிடவே குனிந்துவிட்டார். அவரைத் தடுத்து நாற்காலியில் உட்காரவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

மூன்றாம் நாள் சவரத்துக்கு விசில் வாத்தியார் வந்தார். பள்ளிக்கூடத்து விளையாட்டு ஆசிரியர். கழுத்து விசிலைக் கழற்றி யாரும் பார்த்ததில்லை. வலது கன்னத்தை முடித்து இடது கன்னத்துக்குச் சுற்றி வரும்போது நாற்காலியின் இரும்புக் கால் பெருவிரலில் இடித்தது. கத்தியைச் சட்டென்று விலக்க மட்டும் சலூன்காரருக்கு நிதானம் இருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கண் இருட்டிக்கொண்டு வந்தது.

வாத்தியார் குனிந்து காலைப் பார்த்தார். மறுபேச்சுப் பேசவிடாமல் அவரை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கிளினிக்குக்குப் போனார். ஒரு கன்னம் வழவழவென்றும் மறு கன்னத்தில் நுரை காய்ந்தும் வந்து நின்றவரைப் பார்த்து, நர்ஸ் முதலில் அவருக்குத்தான் என்ன உடம்பு என்று கேட்டாள்.

“எனக்கு ஒண்ணுமில்லம்மா. இவர் காலைப் பாருங்க. அது சரியானாதான் என் மிச்ச முகத்துக்கு விடிவு.”

டாக்டரம்மா உள்ளே அழைத்ததும் சலூன்காரர் முந்திக்கொண்டார். “நேராவே சொல்லிடுங்க டாக்டர். விரலோட போகுமா, முழங்கால் வரைக்கும் எடுக்கணுமா?”

டாக்டரம்மா விரல் இடுக்குகளில் புண் இருக்கிறதா என்று பார்த்தார். பாதத்தில் நாடி பிடித்தார். கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலில் அங்கங்கே தொட்டார். தொட்ட இடமெல்லாம் சலூன்காரர் சரியாகச் சொன்னார். கடைசியாகப் பெருவிரலில் கை வைத்தபோது கட்டிலைவிட்டு எழும்பியே விட்டார்.

“உணர்ச்சி நல்லா இருக்கு, ரத்த ஓட்டமும் நல்லா இருக்கு. புண்ணே இல்ல. இது கவுட் மாதிரி தெரியுது. யூரிக் ஆசிட் ஜாஸ்தியாகி மூட்டுல உப்பு மாதிரி படிஞ்சிருக்கும். விரலை யாரும் எடுக்கப் போறதில்ல.”

கடைசி வாக்கியத்தை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது. வலி மாத்திரையைக் கேட்காமல் முழுங்கியதற்குத்தான் நல்ல டோஸ் கிடைத்தது. சர்க்கரைக்காரருக்கு அது சிறுநீரகத்தைப் பதம் பார்த்துவிடுமாம். டீயில் விட்ட சீனிக்கு ஈடாக, பழம்தானே என்று தினம் மூன்று பாட்டில் ஜூஸ் குடித்து வந்ததும் வெளியே வந்தது. சர்க்கரை, கவுட் இரண்டுக்குமே அது ஆகாது என்று டாக்டரம்மா நிறுத்திவிட்டார். சர்க்கரையை ஏற்றிவிடாத மாத்திரையாகப் பார்த்து எழுதிக் கொடுத்தார். நாலைந்து நாளில் வீக்கம் வடிந்தது.

கிளினிக்கிலிருந்து வந்த அன்றைக்கே மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

“கடிச்சுதுன்னு சொன்னீங்களேன்னு அந்தச் செருப்பைக் குப்பையில போட்டேன். அது என்னங்க பாவம் பண்ணுச்சு?” என்றாள். சொல்லிவிட்டு அவர் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

அடுத்த விடுமுறை நாளில் கத்தரியும் சீப்பும் எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனார். ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று அண்ணன் கேட்கவில்லை. விரல் கதையை முழுசாகக் கேட்டுவிட்டு, “ரொம்ப வலிச்சுதாடா?” என்றார்.

“உயிர் போச்சுண்ணே.”

“எனக்குக் கால் மரத்துப் போச்சுடா, வலிக்கவே இல்ல. வலிச்சிருந்தா அப்பவே ஓடியிருப்பேன்.”

தம்பி அவருக்கு முடி வெட்டி முடித்தார். பிறகு கீழே உட்கார்ந்து, அண்ணனுக்கு இருந்த அந்த ஒரு பாதத்தைக் கையில் ஏந்தி, ஒவ்வொரு விரல் இடுக்காக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். எங்கேயும் ஒரு கீறல்கூட இல்லை.