மாமா செய்த பாபிலோன் சாமி

ஞாயிறு பள்ளி ஆண்டு விழா நாடகத்துக்கு ஒரு பொய்த் தெய்வம் தேவைப்பட்டது. கும்மிடிப்பூண்டியில் எங்கள் சபையார் ஒருவரும் அதைச் செய்துதர முன்வரவில்லை. விளையாட்டுக்குக்கூட விக்கிரகம் செய்யப் பயம். கடைசியில் வேலை மாமா தலையில் விழுந்தது. அம்மாவின் தம்பியான அவர் தொழிற்பேட்டையில் வெல்டர். ஆராதனை நேரத்தில் தூங்குகிறவருக்குப் புதிதாக ஒரு பாவம் பெரிய பாரமில்லை என்று, நாடகத்தை நடத்திய பெரியம்மா நினைத்திருக்க வேண்டும்.

அட்டையில் ஒரு சாமி போதும் என்றுதான் பெரியம்மா கேட்டிருந்தார். "அட்டைன்னா ஃபேன் காத்துக்கே பறந்துக்கினு பூடும்க்கா" என்று மாமா கழிவு இரும்பில் ஒன்றைப் பற்றவைத்துக் கொண்டுவந்தார். மீசையோடு கம்பீரமாக இருந்தது. பெரியம்மாவே கொஞ்ச நேரம் ரசித்துவிட்டு, சட்டென்று முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டார்.

கதை இதுதான்: பாபிலோன்காரர்கள் தாங்களே செய்த சாமியைத் தள்ளாடித் தூக்கி வருவார்கள், இஸ்ரவேலின் தீர்க்கதரிசி அவர்களைக் கேலி செய்வார். தூக்குகிறவர்களில் ஒருத்தி நான். முடிவில் மனம் திரும்பி நான் ஒரு வசனம் சொல்லவேண்டும்: நாம் தூக்கிச் சுமக்கிற சாமி வேண்டாம், நம்மைத் தூக்கிச் சுமக்கிறவர் போதும். குளிக்கும்போதுகூட அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேடையில் நாங்கள் நடிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. இரும்பு இரும்புதானே. பாதி வழியில் கை நழுவி, சாமி என் காலில் விழுந்தது. நான் அலறினேன், தத்ரூபமான நடிப்பு என்று சபை கைதட்டி, செல்போனில் படம் பிடித்தது. ரத்தத்தை முதலில் பார்த்தவர், செருப்பு விடும் இடத்தில் நின்று தன் கைவேலையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மாமாதான். மேடையேறி என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே ஓடினார்.

சாலை முழுக்க டிரெய்லர் லாரிகள். ஆட்டோ நுழைய வழியில்லை. லாரிகளின் இடுக்கில் புகுந்து ஆஸ்பத்திரிவரை நடந்தே போனார். அவர் சட்டை வேர்வையில் நனைந்து என் கன்னத்தில் ஒட்டியது.

"ரொம்ப வலிக்குதா பாப்பா?"

"என் வசனத்த சொல்லவே இல்லியே மாமா."

"அவ்ளோதானா? எங்கிட்ட சொல்லு. கழுத்த கெட்டியா புட்ச்சிக்கினு சொல்லு."

விக்கி விக்கி அவர் காதில் சொன்னேன்.

"சூப்பரா கீது. இன்னொரு தபா சொல்லு" என்றார் மூச்சு வாங்க. ஆஸ்பத்திரி வரும்வரை சொல்லிக்கொண்டே போனேன்.

காலில் தழும்பு இன்னும் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் மாமாவுக்கு மனதுக்குள் நன்றி சொல்கிறேன். அன்றைக்கு எனக்கிருந்த ஒரே வருத்தம், அவ்வளவு நல்ல வசனத்தை மேடையில் சொல்லாமல், மாமாவின் தோளில் கிடந்தபடி வீணாக்கிவிட்டேனே என்பதுதான்.