கொழும்புக் கண்ணாடி

ஹட்டன் கடைவீதியில் மூக்குக்கண்ணாடி செய்த அவருக்குக் கொழும்புச் சரக்கு என்றால் இளக்காரம். கண்ணாடியைத் தேய்த்து அச்சாக்கி, அதில் பிளாஸ்டிக்கை ஊற்றி, தூரப் பார்வைக்கும் வாசிப்புக்கும் ஒரே வில்லையாகத் தாமே வார்ப்பார். முதல் வில்லைகளின் பாக்கியம் எனக்கு. பேரேட்டில் கூலியாட்களின் பெயர்களை மறுபடி தவறாக வாசித்தால் என் கிளார்க் வேலை போய்விடும் என்று தேயிலைத் தோட்டத்துத் துரை எச்சரித்திருந்தார்.

அணிந்தேன். மலை தெளிவாகத் தெரிந்தது. குனிந்து பேரேட்டைப் பார்த்தால் எழுத்து எறும்பானது.

"முன்னவிட சின்னதாத் தெரியுதுங்க!"

அச்சைத் தடவினார். படிக்கும் பகுதிக்குக் குழிக்க வேண்டிய இடத்தில் மேடு விட்டிருந்தார். வில்லையில் அது பள்ளமாகியிருந்தது.

"மலை தெரியுதுல்லங்கய்யா? பாதி வேல முடிஞ்சிருச்சு," என்றவர், தம் கண்ணாடியைக் கழற்றி நீட்டினார். "வேற வார்க்கிற வரைக்கும் இதப் போட்டுக்குங்க. கொழும்புச் சாமான்தான்."

எழுத்து பளிச்சென்றது. அவர் அடுத்த அச்சைத் தடவித் தடவித் தேய்க்க உட்கார்ந்தார். கண் தெரியாமல் எப்படி என்று கேட்க நினைத்தேன். கேட்டால் கழற்றிக் கொடுக்க வேண்டியிருக்கும்.