சுடுவதற்கு முன் சொல்ல வேண்டியவர்கள்

பருத்தித்துறையில் மார்கிரட் ரீச்சரின் கையில் துவக்கைப் பார்க்காமல் எந்தப் பிள்ளையும் பள்ளிக்கூடம் முடித்ததில்லை. பயப்பட ஒன்றுமில்லை. ஓட்டப் போட்டியைத் தொடக்கி வைக்கிற, சத்தம் மட்டும் போடுகிற பிஸ்ரல். உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற பிறகும், பள்ளிக்கூடங்களில் இல்லங்களுக்கு இடையிலான மெய்வல்லுநர் போட்டி என்றால் ஓட்டம் தொடக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கூடப்பிறந்தவர்கள் எல்லோரும் கனடா. போட்டிகள் நடக்கிற மாசி மாதத்தில்தான் அவருடைய கைபேசிக்குக் கொஞ்சமாவது வேலை.

இந்த வருடம் முதற்போட்டியிலேயே பிஸ்ரல் காலை வாரிவிட்டது. பிள்ளைகள் குனிந்து நிற்க, விசையை அழுத்தினால் 'டிக்' என்றதோடு சரி. மறுபடியும் அதே கதி. மைதானமே சிரித்தது. விளையாட்டுக்குப் பொறுப்பான கஜானன் மாஸ்டர் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னார்.

"ரீச்சர், உது வெள்ளிக்கிழமைப் போட்டியிலையும் வெடிக்காட்டி நாங்கள் பலகையை அடிச்சே தொடக்குவம். நீங்கள் மினக்கெட்டு வர வேண்டாம்."

அந்த 'வர வேண்டாம்'தான் ரீச்சருக்குச் சுருக்கென்றது. வருடத்தில் போட்டி நடக்கிற அந்தச் சில நாட்களில்தான் நாலு பேர் அவருடைய கையைப் பார்த்து நிற்கிறார்கள்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து பிஸ்ரலைக் கழற்றினார். குற்றவாளி நல்லெண்ணெய். யாழ்ப்பாணத்தில் தலைக்கும் நல்லெண்ணெய், முழங்கால் வலிக்கும் நல்லெண்ணெய். துவக்குக்கு மட்டும் வேறு எதற்கு என்று வருடாவருடம் விட்டு வந்திருக்கிறார். எண்ணெயும் வெடிக்கரியும் சேர்ந்து, வெடிவில்லையைத் தட்டுகிற ஊசியைச் சுற்றிப் பிசினாய் இறுகியிருந்தது. பிளாஸ்ரிக் பிடியைக் கழற்றி வைத்துவிட்டு, இரும்புப் பாகங்களை அச்சுவேலியில் வாங்கிய பெயின்ற் தின்னரில் ஊறப்போட்டார். பழைய பல் தூரிகையால் தேய்க்கத் தேய்க்கக் கரி கறுப்பாய்க் கழன்றது. துடைத்து, வெயிலில் காயவிட்டுப் பூட்டினார். ஊசி வழுக்கிக்கொண்டு முன்னும் பின்னும் ஓடியபோது அவருக்குச் சந்தோசம் தாங்கவில்லை. சொல்லத்தான் ஆளில்லை.

இனிச் சுட்டுப் பார்க்க வேண்டும். சண்டைக் காலம் கண்ட ஊர். வெடிச் சத்தம் கேட்டால் சனம் இன்றைக்கும் நெஞ்சைப் பிடிக்கும். அதனால் அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டுத்தான் சுடுவது ரீச்சரின் வழக்கம். செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கினார்.

பக்கத்து வீடு லண்டன்காரருடையது, பூட்டு. எதிர்வீடும் பூட்டு. ஒழுங்கை முடிவில் அருட்பிரகாசம் அண்ணை இருப்பார். "பொறுங்கோ ரீச்சர், நாயைக் கட்டிப்போட்டு வாறன்" என்பார். தைப்பொங்கலோடு அவரையும் மகள் வெளிநாட்டுக்குக் கூப்பிட்டுவிட்டாள் என்பது, படலைக்குக் கிட்டப் போன பிறகுதான் ஞாபகம் வந்தது.

"அண்ணை, சுடப்போறன்" என்று பூட்டிய படலைக்குச் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

முற்றத்தில் நின்று கையை உயர்த்திச் சுட்டார். முதல் அழுத்தலிலேயே வெடித்தது. காகங்கள் எழும்பிப் பறந்தன. வெள்ளிக்கிழமைக்கு இனிக் குறையில்லை.

ரீச்சர் படலையைத் திறந்து ஒழுங்கையைப் பார்த்தார். ஒரு தலையும் எட்டிப் பார்க்கவில்லை. "என்ன ரீச்சர், உயிரே போயிட்டுது" என்று ஏச ஒருவரும் வரவில்லை. பிறகு உள்ளே வந்து, தேவையேயில்லாமல் இன்னொரு வெடிவில்லையைப் போட்டு, படலைப் பக்கம் திரும்பி நின்று சுட்டார்.