ஆளில்லாத அறையின் படுக்கை

அதிகம் படிக்காத நான் எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கணவர் கடலுக்குப் போய்த் திரும்பாத வருடம் அது. அவருக்குக் காரியம் செய்ய நான் சம்மதிக்கவில்லை. அப்போது முகத்துவாரத்துக்கு வெளியே வெள்ளைக்காரரின் சிறிய உல்லாசக் கப்பல் ஒன்று வந்து நின்றது. படுக்கை விரிக்கும் வேலைக்குப் போனேன். அறைக்கு அறை பஞ்சு மெத்தை, சுடுநீர்க் குழாய், வட்டக் கண்ணாடி யன்னல்.

கடைசி அறையில் யாருமில்லை.

"அதையும் விரிங்க அக்கா. ஆளில்லாட்டியும் விரிக்கிறதுதான் கப்பல் வழக்கம்," என்றான் சமையல்காரத் தம்பி.

"நானும் வீட்டில அவருக்குப் பாய் விரிச்சுத்தான் வைக்கிறன்."

"அப்ப நீங்களும் கப்பல்காரிதான்," என்று சிரித்தான்.

விரித்துப் பூட்டினேன். பின்னேரம் திறந்தபோது, தலையணை ஒரு தலையளவு பள்ளமாக, ஈரமாக இருந்தது. தொட்ட விரலை நாக்கில் வைத்தேன். உப்பு.

அடுத்த நாள் கப்பல் போய்விட்டது. நான் பாயைச் சுருட்டிவிட்டுக் காரியத்துக்கு நாள் பார்க்கச் சொன்னேன்.